வெயிலுக்கு வந்த ஹாப்ஸ் வேர்

டிசம்பர் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே குளிர் பிடித்துக்கொண்டது. நாங்கள் இருவரும் சுகம். நீயும் தங்கச்சியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தனியாக ஒரு பார்சல் வரும். அதில் ஈரச் செய்தித்தாளில் சுற்றிய ஏழு வேர்த்துண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றும் விரல் தடிமன், விரல் நீளம். இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருஷமாக நான் வேலை செய்கிற தோட்டத்தில் விளைகிற ஹாப்ஸ் கொடியின் வேர்தான். பீரில் கசப்புக்கும் மணத்துக்கும் போடுகிற பூ இதில்தான் பூக்கிறது. நாங்கள் இருவரும் சொட்டுக்கூடக் குடித்ததில்லை என்பது உனக்குத் தெரியும். சோறு போடுவது மட்டும் அந்தக் கொடிதான்.

இது உன் அக்காவின் யோசனை. "அவன் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றவன்தானே, அந்த ஊர் வெயில்ல இதை வளத்துக் காட்டட்டும் பாப்போம்" என்றாள். பிப்ரவரி வரைக்கும் வேரைக் குளிரில் வை. உறைந்துவிடக் கூடாது. அதற்கு ஒரு குளிர்காலம் கழிந்தால்தான் துளிர்க்கும் எண்ணமே வரும்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அத்தான்


ஜனவரி 2

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம்.

நாங்கள் நலமாக இருக்கிறோம். கடையில் வேலை மந்தம். குளிர்காலத்தில் யாருக்கு ஃப்ரிட்ஜ் ஞாபகம் வருகிறது? கெட்டுப்போனாலும் ஜன்னலோரம் பாலை வைத்துச் சமாளித்துக்கொள்கிறார்கள்.

பார்சல் வந்து சேர்ந்தது. உங்கள் தங்கச்சி பிரித்துப் பார்த்துவிட்டு, "இஞ்சின்னு நெனச்சு டீயில தட்டிப் போட இருந்தேன்" என்றாள். கடையில் ஒரு வாத்தியாரின் பழைய ஃப்ரிட்ஜ் எட்டு மாதமாகக் கிடக்கிறது. ரிப்பேர் முடிந்தும் ஆள் எட்டிப்பார்க்கவில்லை. அதில் நாலு டிகிரியில் வைத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் குளிரைப் பெட்டியில் அடைத்துக் கொடுக்கிறவன் நான். ஏழு வேருக்கு ஒரு குளிர்காலம் கொடுப்பதா பெரிய காரியம்?

ஒன்று கேட்க வேண்டும். எப்போதும் உங்கள் கடிதத்தின் அடியில் அக்கா இரண்டு வரி எழுதுவாள். 'தம்பி, உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் அலையாதே.' நாலு வருஷமாக அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் அது இருக்கும். இந்த முறை அந்த இடம் காலியாக இருந்தது. அவசரத்தில் விட்டுப்போனதா?

பதிலை எதிர்பார்க்கும்,
மெக்கானிக்


ஜனவரி 30

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் பார்த்துச் சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

நடும் முறையைச் சொல்கிறேன், கவனமாகப் படி. தரையில் நடாதே; உன் ஊர் மண் மே மாதம் அடுப்பாகிவிடும். தகர டிரம்மைப் பாதியாக வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, வெளிப்பக்கம் வெள்ளை பெயின்ட் அடி. காலை வெயில் விழ வேண்டும், பன்னிரண்டு மணிக்கு மேல் நிழல் வேண்டும். மண்ணின் மேல் நாலு விரல் கனத்துக்கு வைக்கோல் பரப்பு. துளிர் முழ நீளம் வந்ததும் கயிறு கட்டு. கொடி கடிகார முள் போகிற பக்கமாகத்தான் சுற்றும். எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டால் மறுநாள் தானே பிரிந்து கீழே கிடக்கும். அதோடு மல்லுக்கட்டாதே. தண்டில் கண்ணுக்குத் தெரியாத முள் இருக்கிறது, முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்.

அக்காவுக்கு வேலை அதிகம். அதனால்தான் எழுதவில்லை. வேறொன்றும் இல்லை.

உன் அத்தான்


மார்ச் 22

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இங்கே இப்போதே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அதைத் தவிர எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் இருவரின் உடம்பு எப்படி?

பிப்ரவரி பத்தாம் தேதி மாடியில் ஏழையும் நட்டேன். ஒன்று அழுகிப்போனது. மற்ற ஆறும் பன்னிரண்டே நாளில் ஊதா நிற மூக்கை வெளியே நீட்டின. அத்தான், அது வளர்கிற வேகம் எனக்குப் பயமாக இருக்கிறது. காலையில் கடைக்குப் போகும்போது என் முழங்கால் உயரம், திரும்பி வந்து பார்த்தால் ஒரு சாண் ஏறியிருக்கிறது. நீங்கள் சொன்னதைக் கேட்காமல் அரைக்கைச் சட்டையோடு கயிற்றில் ஏற்றிவிட்டேன். கையெல்லாம் பூனை பிறாண்டின மாதிரி. வாடிக்கையாளர் ஒருவர், "வீட்டுல சண்டையா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

இலைக்கு அடியில் மணல் தூவின மாதிரி சிவப்புப் பூச்சி வந்தது. கடையிலிருந்து கம்ப்ரஸரைத் தூக்கி வந்து, மாடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தேன். இப்போது குறைந்திருக்கிறது.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னீர்களா? சிரித்தாளா? அவள் அனுப்பச் சொன்னாள் என்று நீங்கள் எழுதியதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மா போன சமயத்தில் நான் நடந்துகொண்ட விதத்துக்கு அவள் என் பெயரையே எடுக்காமல் இருந்திருக்கலாம். அதனால்தான் கேட்கிறேன். இந்தக் கடிதத்துக்காவது அவள் கையால் இரண்டு வரி வாங்கி அனுப்புங்கள்.

அன்புடன்,
மெக்கானிக்


ஏப்ரல் 25

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. சௌக்கியத்துக்குக் குறைவில்லை.

ஒரு முக்கியமான சங்கதியைச் சொல்ல மறந்துவிட்டேன். இங்கே கோடையில் பகல் பதினாறு மணி நேரம். உன் ஊரில் பதின்மூன்றைத் தாண்டாது. பகல் குறைவாக இருந்தால், வருஷம் முடியப்போகிறது என்று கொடி நினைத்துக்கொள்ளும். ஆள் உயரம் வருவதற்குள் நாலு பூவை வைத்துவிட்டு நின்றுவிடும். ஆகவே சூரியன் இறங்கியதும் கொடிக்கு மேலே ஒரு பல்பைப் போட்டு மூன்று மணி நேரம் எரியவிடு. ஜூன் பாதிக்கு மேல் நிறுத்து. அப்போது பூக்கும்.

நான் இப்போது தோட்டத்துக்குள் போவதில்லை. கிடங்கில் காலை வேலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். மத்தியானத்துக்குள் வீடு திரும்ப வேண்டியிருக்கிறது. ஏழு மாதத்தில் சமையலும் பழகிவிட்டது.

தங்கச்சிக்கு என் அன்பு.

அத்தான்


மே 12

அத்தானுக்கு,

வணக்கம். நாங்கள் இருக்கிறோம்.

ஆறில் மூன்று கருகிவிட்டன. போன வாரம் நாலு நாள் அனல் காற்று. நிழலுக்குக் கட்டியிருந்த சாக்குப் படுதா கிழிந்துபோனது. நான் கடையிலிருந்து வருவதற்குள் இலைகள் அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டன. மீதி மூன்றுக்கும் நாளுக்கு இரண்டு வேளை தண்ணீர் விட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிறேன். பல்பும் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர், "மாடியில என்ன, கோழி வளக்கிறீங்களா?" என்கிறார்.

அதெல்லாம் இருக்கட்டும். உங்கள் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். நீங்கள் ஏன் ஏழு மாதமாகச் சமைக்கிறீர்கள்? ஏன் மத்தியானத்துக்குள் வீடு திரும்ப வேண்டும்? அக்கா வீட்டில் இருக்கிறாளா, இல்லையா? 'சௌக்கியம்' என்று நீங்கள் எழுதுவதை என் கடைக்கு வருகிறவர்களிடமும் கேட்டிருக்கிறேன். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு" என்பார்கள். திறந்து பார்த்தால் உள்ளே எல்லாம் எரிந்து கிடக்கும்.

அவளுக்கு என் மேல் இன்னும் கோபம் என்றால் கோபம் என்றே எழுதச் சொல்லுங்கள். தாங்கிக்கொள்வேன். மழுப்பாதீர்கள்.

மெக்கானிக்


ஜூன் 1

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி. தங்கச்சியும் பக்கத்தில் இருக்கட்டும்.

உன் அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். போன செப்டம்பர் பதினொன்றாம் தேதி அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது பேச்சும் இல்லை. கோபத்தினால் அவள் எழுதாமல் இருக்கவில்லை. எழுதுகிற கை இல்லை.

அன்று அறுவடையின் கடைசி நாள். காலையில் அவள் கையிலிருந்து காபிக் கோப்பை நழுவியது. "நாக்கு தடிச்ச மாதிரி இருக்குங்க" என்றாள். வாய் லேசாக ஒரு பக்கம் இழுத்திருந்தது. நான் பார்த்தேன், மாப்பிள்ளை. பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். "தூக்கம் போதல உனக்கு. இன்னும் நாலு வரிசைதானே, முடிச்சுட்டு டாக்டர்கிட்ட போலாம்" என்றேன். அவளும் சரி என்று வந்தாள். மத்தியானம் மூன்றாவது வரிசை நடுவில் விழுந்தாள். அறுத்துப்போட்ட கொடிகளுக்குள் அவளைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று மட்டும் கேட்டார். மத்தியானம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யை இதுவரை யாரிடமும் உடைத்துச் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

உனக்கு ஏன் அப்போதே எழுதவில்லை என்று கேட்பாய். முதல் வாரத்தில் அவளுக்குக் குழறலாகக் கொஞ்சம் பேச்சு இருந்தது. உனக்குத் தந்தி அடிக்கப் போகிறேன் என்றேன். என் சட்டையை இடது கையால் பிடித்துக்கொண்டாள். "வேணாம். பாவம் பாத்து அவன் கதவைத் தொறக்க வேணாம்" என்றாள். அதற்குப் பிறகு நாலைந்து நாளில் அந்தப் பேச்சும் போய்விட்டது. அவள் முழு வாக்கியமாகப் பேசியது அதுதான் கடைசி. அதை எப்படி மீறுவேன்?

வேரை அனுப்பச் சொன்னது பொய் இல்லை. ஆகஸ்டில், நன்றாக இருந்தபோது சொன்னாள். உன்னிடம் பேச அவளுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதை நான் தாமதமாகச் செய்தேன், அவ்வளவுதான்.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டி எழுது.

அத்தான்


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தான் இதை உனக்குப் படித்துக் காட்டுவார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தெரிந்துகொண்டேன்.

பாவம் பார்த்து எழுதவில்லை, அக்கா. பத்து மாதம் முன்னால், நீ நன்றாக இருந்தபோதே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது.

அம்மா படுத்திருந்த கடைசி மாதம், 'அவ எப்ப வருவா' என்று தினமும் கேட்டாள். நானும் நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உனக்கு விடுமுறை கிடைக்கவில்லை என்பதும், டிக்கெட் கிடைக்கவில்லை என்பதும் எனக்கும் தெரியும். ஆனால் அம்மாவிடம் பொய் சொன்னவன் நான். அந்தப் பொய்க்கெல்லாம் யாரையாவது குற்றவாளியாக்க வேண்டியிருந்தது. அடக்கம் முடிந்து மறுநாள் நீ பெட்டியோடு வந்து கதவைத் தட்டினாய். "தம்பி, தொறடா" என்றாய். நான் உள்ளேதான் இருந்தேன். கதவுக்கு இந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில். என் மனைவியாவது திறக்கட்டும் என்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய். அவள் எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். தெருவில் ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் நின்றாய். அப்புறம் பெட்டியின் சக்கரச் சத்தம் கேட்டது.

உன் விமானம் மூன்று நாள் கழித்துத்தான் என்று அத்தான் பிறகு எழுதியிருந்தார். அந்த மூன்று நாள் எங்கே தங்கினாய், என்ன சாப்பிட்டாய்? நாலு வருஷமாகக் கேட்க நினைத்து, கேட்காமல் இருந்தேன். இப்போது கேட்டால் நீ பதில் சொல்ல முடியாது. என் லட்சணம் அப்படி.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டிருக்கிறேன். செப்டம்பருக்குள் வந்துவிடுவேன். நீ திறக்காவிட்டாலும் நிற்பேன்.

உன் கொடியில் மூன்று பிழைத்திருக்கின்றன. இன்றைக்குப் பல்பை நிறுத்திவிட்டேன். அதற்குள்ளாகவே சில கணுக்களில் குஞ்சம் மாதிரி மொட்டு கட்டியிருக்கிறது.

உன் தம்பி


ஜூலை 28

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இம்முறை சுகம் விசாரித்து எழுத முடியவில்லை. உன் அக்கா ஜூலை பத்தொன்பதாம் தேதி காலை போய்விட்டாள். இரண்டாவது முறை வந்தது. அதிக நேரம் கஷ்டப்படவில்லை. இந்தத் தடவை உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிரயோஜனமில்லை.

தந்தி அடிக்காததற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும். தாள் எடுத்து எழுதியும்விட்டேன். அடித்திருந்தால் நீ எப்படியாவது விழுந்தடித்துக் கிளம்பியிருப்பாய். ஒரு நாள் தாமதமாக வந்து பெட்டியோடு நின்றிருப்பாய். உனக்கும் அது நடக்க வேண்டாம் என்று அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

உன் கடிதம் ஜூன் முப்பதாம் தேதி வந்தது. மாலையில் ஜன்னலோர நாற்காலியில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டாள். முடித்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நேர் எதிரே வெயில் அடித்தது. அது கோபமா, கண்ணீரா, கண் கூச்சமா, எனக்குத் தெரியாது. மன்னித்துவிட்டாள் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் பொய் எழுதிப் பொய் எழுதிக் களைத்துவிட்டேன். மறுநாள் இன்னொரு தடவை படிக்கவா என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

நீ கேட்ட ஒன்றுக்கு மட்டும் என்னிடம் பதில் இருக்கிறது. ஊரிலிருந்து திரும்பி வந்தபோது அவளே சொன்னாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினாளாம். பகலில் உன் கடைக்கு எதிர்வரிசை டீக்கடையில், உள் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வாளாம். மூன்று நாளும் நீ வேலை செய்வதைப் பார்த்தாளாம். ஒரு பெரிய ஃப்ரிட்ஜைத் தனியாகக் குப்புறக் கவிழ்க்கப் பார்த்து, அது உன் கால் விரல் மேல் இறங்கியதாமே. "ஓடிப்போய் ஒரு பக்கம் பிடிக்கலாம்னு எழுந்தேங்க. அப்புறம் உக்காந்துட்டேன்" என்றாள்.

வீடு ரொம்பப் பெரிதாகிவிட்டது.

அத்தான்


ஆகஸ்ட் 20

அன்புள்ள அத்தானுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? அதை முதலில் கேட்டுவிடுகிறேன். சமையல் பழகிவிட்டது என்று எழுதினீர்கள். ஒருவருக்காகச் சமைப்பது வேறு என்று உங்கள் தங்கச்சி சொல்கிறாள்.

கடிதம் ஆறாம் தேதி வந்தது. அன்று கடையைச் சாத்திவிட்டு எதிரே டீக்கடைக்குப் போனேன். உள் பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கிருந்து என் கடை முழுதும் தெரிகிறது, அத்தான். நான் கருவிப் பெட்டி வைக்கிற மூலை வரைக்கும் தெரிகிறது. நானோ அந்த மூன்று நாளில் ஒரு தடவைகூடத் தலையைத் தூக்கி எதிரே பார்க்கவில்லை. கால் விரலில் அடிபட்டது உண்மைதான். அன்று தனியாக உட்கார்ந்து விரலைப் பிடித்துக்கொண்டு, யாரும் இல்லையே என்று என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று நாள் மாடிக்குப் போகவில்லை. இந்த வெயிலுக்கு மூன்று நாள் தாராளம். நாலாம் நாள் போய்ப் பார்த்தபோது கொடிகள் கயிற்றோடு காய்ந்து தொங்கின. பூக்களை மட்டும் உங்கள் தங்கச்சி முந்தின நாளே என்னிடம் சொல்லாமல் பறித்து வைத்திருந்தாள். மொத்தம் இருபத்தாறு. கட்டைவிரல் அளவுகூட இல்லை. ஒன்றைப் பிய்த்துப் பார்த்தேன், உள்ளே மஞ்சள் பொடி ஒட்டிக்கொண்டது. இரண்டு நாள் கழுவியும் விரலில் அந்தக் கசப்பு போகவில்லை. மீதி இருபத்தைந்தையும் உறையில் வைத்திருக்கிறேன். உங்கள் தோட்டத்துப் பூவோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். சிரியுங்கள்.

பாஸ்போர்ட் போன வாரம் வந்தது. அலமாரியில் கிடக்கிறது. உங்களுக்குத் துணையாக வரட்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது. உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றும் தோன்றுகிறது. செப்டம்பர் பதினொன்று காலை நடந்ததைப் பற்றி நான் உங்களைத் திட்டப்போவதில்லை. திட்டுகிற தகுதி எனக்கு இல்லை. உங்களை மன்னிக்கிற இடத்திலும் நான் இல்லை. நாம் இரண்டு பேரும் அவளைக் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னவர்கள்.

ஒரு வேண்டுகோள். இத்தனை மாதம் நாம் டிரம், வைக்கோல், பல்பு, பூச்சி என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டோம். இனி கொடியைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். அவளைப் பற்றி எழுதுங்கள். கடைசி நாலு வருஷம் என் அக்கா எப்படி இருந்தாள் என்று எனக்கு எதுவுமே தெரியாது. தலை நரைத்திருந்ததா? எதற்குச் சிரித்தாள்? யாரோடு சண்டை போட்டாள்? எந்தக் காய் பிடிக்காமல் போயிற்று? கண்ணாடி போட்டாளா? பெரிய விஷயமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு வரி எழுதி வைத்துச் சேர்த்து அனுப்பினாலும் போதும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், காலையில் எழுந்ததும் முதலில் என்ன செய்வாள் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.

உங்கள்,
மாப்பிள்ளை